மை காயவில்லையா? முதலில் தாளைப் பாருங்கள்: வாழ்த்து அட்டை கேள்வி-பதில்

நவராத்திரிக்குக் கொலு அழைப்பு, பின்னாலேயே தீபாவளி, புத்தாண்டு, பொங்கல். மும்பையில் கையால் அட்டை செய்கிற நம் வீடுகளில் வேலை சூடுபிடிக்கும் நேரம் இது. மழையும் இன்னும் விட்டபாடில்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, படம் பதிக்கும் ஸ்டாம்பைத்தான் குறை சொல்கின்றன. பாவம் அது. பல நேரம் குற்றவாளி அடியில் கிடக்கும் தாள்தான்.

பளபளப்பான வெள்ளை அட்டையில் ஃபெவிகாலால் தாள் ஒட்டிச் செய்து வைத்த வாழ்த்துகள் இரண்டே நாளில் அப்பளம்போல் வளைந்துவிட்டன. ஸ்டாம்ப் மையும் தொட்டால் கையில் ஒட்டுகிறது. மழைக்காலத்தில் இந்த வேலையே கூடாதா? (செம்பூர் வாசகி)

தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

வளைவதற்குக் காரணம் ஃபெவிகால். தவறு அதன் மேல் இல்லை, அதில் உள்ள தண்ணீர்தான் விஷயம். மேலே ஒட்டும் தாள் அந்த ஈரத்தைக் குடித்து விரிகிறது, விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. காயும்போது சுருங்கி, அடி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. முன்பக்கத்தில் மூன்று அடுக்கு ஒட்டி, பின்பக்கத்தை வெறுமனே விட்டால் இழுபறியில் யார் ஜெயிப்பார்கள்? அதனால் பெரிய தாள்களை டபுள் சைடு டேப்பால் ஒட்டுங்கள். பசைதான் வேண்டுமென்றால் மெல்லிய பூச்சாக, ஓரங்களில் மட்டும். கூடவே அட்டையின் உள்பக்கத்தில் வாழ்த்து எழுத ஒரு வெள்ளைத் தாள் ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் அட்டை நேராக நிற்கும். பிறகு ஒரு ராத்திரி கனமான புத்தகங்களுக்கு அடியில்.

மை காயாததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘பளபளப்பான வெள்ளை அட்டை.’ அது ஆர்ட் கார்டு, மேலே பூச்சு உள்ளது. மை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். அட்டைக்கு நல்லது பூச்சில்லாத 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள். வாங்க அப்துல் ரஹ்மான் ஸ்ட்ரீட் போகும்போது உங்கள் இங்க் பேடைக் கைப்பையில் எடுத்துப் போங்கள். ஒரு துண்டுத் தாள் கேட்டு வாங்கி அங்கேயே அடித்து, ஒரு நிமிடம் கழித்துத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

வாங்கிய தாளை மூடி இறுகும் டப்பாவில், காலணிப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலம் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

ஆபீஸ் ஸ்டாம்ப் பேடே வீட்டில் இருக்கிறது. அதை வைத்து அடித்தால் என்ன? எதற்கு விலை கொடுத்து வேறு வாங்க வேண்டும்? (சயான் கோலிவாடா, கல்லூரி மாணவர்)

பழகுவதற்குப் போதும் தம்பி. ஆனால் அது ரசீதிலும் பதிவேட்டிலும் அடிக்கச் செய்த மை. மாதக்கணக்கில் பேட் காய்ந்துபோகாமலிருக்க, அந்த மையில் கிளிசரின் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மும்பை ஜூலையில் அது என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய கோடுகளின் ஓரமும் பிசிறடிக்கும்.

அட்டை வேலைக்கு மூன்று வகை மை தெரிந்தால் போதும். டை இங்க் தாளுக்குள் இறங்கும், சீக்கிரம் காயும், ஆனால் பெரும்பாலானவை தண்ணீர் பட்டால் கரையும். பிக்மென்ட் இங்க் கெட்டியானது, தாளின் மேல் நிற்கும், மெதுவாகக் காயும். கறுப்புத் தாளில் வெள்ளையாக அடிக்க வேண்டுமென்றால் இதுதான். சால்வென்ட் இங்க் பளபளப்புத் தாள், பிளாஸ்டிக், கண்ணாடி எதிலும் ஒட்டும், ஆனால் வாடை தூக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒளி ஊடுருவும் பாலிமர் ஸ்டாம்புகளை அது நாளடைவில் பாழாக்கும் என்பதால், ரப்பர் ஸ்டாம்போடு மட்டும் பயன்படுத்துங்கள்.

அடித்த படத்துக்குள் வாட்டர் கலர் தீட்டும் எண்ணம் இருந்தால், நீர்ப்புகாத மை என்று கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு கறுப்பு, நல்லதாக. பன்னிரண்டு வண்ணப் பெட்டி எல்லாம் பிறகு.

இன்னொன்று: ஸ்டாம்பை பேடில் அழுத்தாதீர்கள். ஸ்டாம்பை மல்லாக்க வைத்து, பேடால் அதன் மேல் மெதுவாகத் தட்டுங்கள். தாளுக்கு அடியில் பழைய மவுஸ் பேட் ஒன்றைப் போட்டு, நேராக அழுத்தி, நேராக எடுங்கள். ஆட்டினால் ஸ்டாம்பின் விளிம்பும் சேர்ந்து பதியும்.

‘கொலுவுக்கு வாருங்கள்’ என்று தமிழில் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன். எழுத்தெல்லாம் இடம் மாறி வந்தது. (மாட்டுங்கா, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

ஐயா, இது இங்கே நிறையப் பேருக்கு நடக்கிறது. கடையில் மராத்தி, இந்தி எழுத்துருக்கள் இருக்கும், தமிழ் இருக்காது. நீங்கள் அனுப்பிய வாசகத்தை அவர் தன் மென்பொருளில் ஒட்டும்போது கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ மூன்று துண்டாகும். அவருக்குத் தமிழ் தெரியாது, பிழையும் தெரியாது.

எனவே எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். இன்னும் நல்ல வழி, வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் உங்கள் கையாலேயே எழுதி, வெளிச்சத்தில் நிழல் விழாமல் படமெடுத்துக் கொடுப்பது. உங்கள் கையெழுத்தே ஸ்டாம்பாகும். அச்சு எழுத்தைவிட அது எவ்வளவோ மேல், என்னைக் கேட்டால்.

எழுதும்போது சுழிகளைத் தாராளமாக விடுங்கள். ழ, ஞ, ணை போன்றவற்றில் உள்வெளி குறைவு. சின்ன ஸ்டாம்பில் அங்கே மை அடைத்துக் கரும்புள்ளியாகிவிடும். எழுத்தின் உயரம் ஒரு செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

கடையில் இன்னொன்றையும் கேளுங்கள். இப்போது பலரும் கொடுப்பது மை உள்ளேயே நிரம்பிய ஃபிளாஷ் ஸ்டாம்ப். அலுவலகத்துக்கு அது சௌகரியம், நமக்கு ஆகாது: உள்ளே இருக்கும் ஒரே நிறம்தான் வரும், ஈர மையின் மேல் தூவிச் சூட்டில் உருக்கிப் புடைப்பாக்கும் எம்போஸிங் பவுடரும் போட முடியாது. லேசரில் வெட்டிய ரப்பர், இல்லையென்றால் பாலிமர், இரண்டில் ஒன்று என்று அழுத்திச் சொல்லுங்கள்.

கொலுப் படி எழுந்து நிற்கிற மாதிரி அட்டை செய்ய முடியுமா? இணையத்தில் எல்லாம் கேக், இதயம்தான் வருகிறது. (முலுண்ட்)

முடியும், எளிதும்கூட. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

160 முதல் 200 ஜி.எஸ்.எம். தாளில் ஏ4-ஐப் பாதியாக வெட்டுங்கள். கிடைப்பது 21 செ.மீ. நீளம், 14.8 செ.மீ. அகலம். நீளத்தின் நடுவில், அதாவது 10.5 செ.மீ.யில், மடிப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே 6, கீழே 6, ஆக 12 செ.மீ. நீளத்துக்கு இரண்டு செங்குத்து வெட்டுகள், இரண்டுக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி. மேலும் கீழும் வெட்டு முடியும் இடத்தில் தாளோடு ஒட்டியே இருக்கும் ஒரு பட்டை கிடைக்கும்.

பட்டையில் 2 செ.மீ.க்கு ஒரு கோடு, இரு முனைகளையும் சேர்த்து ஏழு கோடு. மேலிருந்து ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு பள்ள மடிப்பு (கோடு உங்களைவிட்டு உள்ளே போகும்); இரண்டு, நான்கு, ஆறு மேட்டு மடிப்பு (கோடு உங்களை நோக்கி எழும்). பட்டைக்கு வெளியே, இருபுறமும் உள்ள நடு மடிப்பு மட்டும் பள்ளம். அட்டையை 90 டிகிரி திறந்தால் மூன்று படி நிற்கும். ஐந்து படி வேண்டுமா? ஒரு மடிப்புக்கு 1.5 செ.மீ., பட்டை நீளம் 15 செ.மீ., கோடுகள் பதினொன்று, அதே ஒன்றுவிட்டு ஒன்று கணக்கு.

பொம்மைகளைத் தனித் தாளில் ஸ்டாம்ப் அடித்து வெட்டி, படியின் முன்முகத்தில் ஒட்டுங்கள். படி விளிம்பைத் தாண்டி, மூன்று படி அட்டையில் 2 செ.மீ.க்கு மேலும், ஐந்து படி அட்டையில் 1.5 செ.மீ.க்கு மேலும் நீட்டக் கூடாது. நீட்டினால் அட்டையை மூடும்போது செட்டியார் தலை வெளியே எட்டிப் பார்க்கும். கடைசியாக இதைக் கெட்டி அட்டைக்குள் ஒட்டும்போது, படிப்பட்டையின் முதுகில் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிக்கும் இடத்தில் அட்டை வெடித்து, வெள்ளையாகப் பிளக்கிறது.

தாளுக்கு இழை உண்டு. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதில் வளைகிறதோ அந்த வாக்கில் மடிப்பு வரட்டும். மடிக்குமுன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்துங்கள். அந்தக் கோட்டின் பள்ளம் வெளியேயும், பின்னால் எழும் மேடு மடிப்பின் உள்ளேயும் இருக்க வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகத்தான் மடிக்கிறோம்.

எம்போஸிங் பவுடர் தூவி ஹேர் டிரையர் காட்டினால் பவுடர் பறக்கிறதே தவிர உருகவில்லை. (வாஷி)

உருகாது. ஹேர் டிரையரில் காற்று அதிகம், சூடு போதாது. ஹீட் கன் வேண்டும். லோஹார் சால் கடைகளில் விற்கும் பட்டறை ஹீட் கன் கைவினைக்குச் செய்ததைவிடச் சூடு அதிகம் என்பதால் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால், நன்றாகச் சூடேறிய வெறும் தோசைக்கல்லுக்கு மேலே, கல்லைத் தொடாமல், இடுக்கியில் தாளைப் பிடியுங்கள், படம் மேல்நோக்கி. பவுடர் ஒரு கட்டத்தில் சட்டென்று பளபளக்கும். அந்தக் கணமே எடுத்துவிட வேண்டும். இன்னும் காட்டினால் தாளுக்குள் இறங்கி, எண்ணெய்க் கறைபோல் தட்டையாகிவிடும்.

படத்துக்கு வெளியே பவுடர் ஒட்டுவது தாளில் இருக்கும் ஈரத்தால், உங்கள் விரல் ஈரத்தாலும்கூட. ஸ்டாம்ப் அடிக்கும் முன் துணி முடிச்சில் கட்டிய டால்கம் பவுடரால் தாளை ஒற்றிவிடுங்கள்.

என் மகளுக்கு எட்டு வயது. அழிரப்பரில் ஸ்டாம்ப் வெட்ட ஆசைப்படுகிறாள். (ஐரோலி)

வெட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள், வரையும் வேலை அவளுடையது. பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்து, அதை ரப்பர் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி இறங்கும், அடிக்கும்போது நேராக வரும். எழுத்துக்கு இது கட்டாயம். வெட்டிய அழிரப்பரைத் தாளில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே போட்டால், ரப்பரில் உள்ள மென்மையாக்கும் பொருள் டப்பாவை இளக்கி இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

அவளுக்கென்று கத்தியில்லாத வேலை ஒன்று. பென்சில் முனையில் இருக்கும் ரப்பரை மையில் தொட்டு வரிசையாகப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் ஜெல் பேனாவால் சிக்குக் கோலம் போடலாம். பொங்கல் அட்டைக்கு இதைவிடப் பொருத்தமாகக் கடையில் எதுவும் கிடைக்காது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூ. ஆனால் காயை இங்க் பேடில் வைக்க வேண்டாம், பேட் கெட்டுவிடும். போஸ்டர் கலரை ஸ்பாஞ்சில் ஊற்றி அதில் தொடட்டும்.

குஜராத் பேத்தாபூரிலிருந்து வந்த மர அச்சு வைத்திருக்கிறேன். தாளில் அடித்தால் அரைகுறையாக விழுகிறது.

அது துணிக்குச் செதுக்கியது. துணி அச்சு மேசையில் மெத்தை விரிப்பு இருக்கும், உங்கள் மேசையில் இல்லை. தாளுக்கு அடியில் நான்கைந்து மடிப்புப் பழைய வேட்டி போடுங்கள். கைத்தாள் மாதிரி மிருதுவான தாளில் அழகாக விழும்.

தபாலில் அனுப்ப எவ்வளவு கனம் வரை போகலாம்?

சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராமுக்கு ஒரு படி என்று கட்டணம் ஏறும். 300 ஜி.எஸ்.எம். தாளில் பாதி ஏ4 ஏறக்குறைய 9.3 கிராம். உறை நான்கைந்து கிராம். மிச்சமிருக்கும் ஐந்தாறு கிராமில் உங்கள் அலங்காரம் அடங்க வேண்டும். ஃபோம் டேப் வைத்து இரண்டு அடுக்கு ஏற்றினாலே தாண்டிவிடலாம், கவுன்டரில் எடை போட்டுவிடுங்கள். பட்டன், முத்து, கண்ணாடிச் சில்லு வேண்டாம்: தபால்தலை மேல் முத்திரை குத்துகிற கை உங்கள் முத்தைப் பார்த்துக் குத்தாது. தாள் கீற்றுகளைச் சுருட்டி ஒட்டும் குவில்லிங் செய்த அட்டை என்றால் உறையில் போடாமல் சின்னப் பெட்டியில் அனுப்புங்கள். மடித்த அட்டை 14.8-க்கு 10.5 செ.மீ. என்றால் சி6 உறை, அதாவது 16.2-க்கு 11.4, சரியாக இருக்கும்.

எங்கள் சொசைட்டி கண்காட்சியில் விற்கலாமா? ஸ்டாம்ப் நிறுவனம் வழக்குப் போடுமா? (அந்தேரி)

ஸ்டாம்பில் உள்ள ஓவியத்துக்கு உரிமை உண்டு. கையால் அடித்துச் செய்த அட்டையை விற்கலாம், ஆனால் அதை ஸ்கேன் செய்து அச்சடிக்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் வெளிப்படையாக அனுமதி தருகின்றன. அவர்கள் இணையதளத்தில் ‘ஏஞ்சல் பாலிசி’ என்று தேடிப் படியுங்கள். கார்ட்டூன் பாத்திரங்கள் பக்கம் போகவே வேண்டாம். உள்ளே எழுதும் வரிகளுக்கும் இதே கதைதான்: சினிமாப் பாட்டு வரியை விற்பனை அட்டையில் போடாதீர்கள். இந்தியாவில் எழுதியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். குறள் இருக்கிறது, நாட்டுடைமையான பாரதி இருக்கிறார், போதாதா?

விலையைப் பொறுத்தவரை, தாள் செலவை மட்டும் கணக்கிட்டு 30 ரூபாய் என்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கூலி வைத்துவிட்டுப் பிறகு விலை போடுங்கள். அந்த விலைக்குப் போகவில்லையென்றால், ஒரு மணி நேரத்தில் நான்கு செய்ய முடிகிற எளிய வடிவத்துக்கு மாறுங்கள்.

கண்ணாடி மாதிரி இருந்த என் பாலிமர் ஸ்டாம்ப் மஞ்சளாகிவிட்டது. தூக்கிப்போடவா? (டோம்பிவலி)

வேண்டாம். மையும் வெயிலும் பட்டால் நிறம் மாறும், பதிவு கெடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள். ஸ்டாம்பை ஒட்டிப் பிடித்து அடிக்கும் அக்ரிலிக் பிளாக்கில் முன்போல் ஒட்டவில்லை என்றாலும் இதே கழுவல்தான் மருந்து.