குனிந்தால் வழுக்கும் புது பிரேம்

புதிதாக வாங்கிய கண்ணாடி பிரேம் குனிந்தால் மூக்கிலிருந்து வழுக்குகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸ் போடுவதற்கு முன்பே அந்தத் தடித்த கறுப்பு அசிடேட் (ஒருவகை பிளாஸ்டிக்) பிரேமை மாற்றிவிடுங்கள். காதுப் பக்கம் வளைத்து இறுக்கினால் வழுக்குவது கொஞ்சம் குறையும், ஆனால் காது வலிக்கும்.

பிரேமின் உள்பக்கம் 54-20-145 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த நடு எண் உங்கள் மூக்குக்கு அதிகமாக இருப்பதுதான் காரணமாக இருக்கும். 54 லென்ஸ் அகலம், 20 மூக்கின் மேல் உட்காரும் இடைவெளி, 145 காதுக்குப் போகும் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். உலோக பிரேம் என்றால் நோஸ் பேடை (மூக்கில் படும் சிறு திண்டை) நெருக்கி வைக்கலாம். பெரும்பாலான அசிடேட் பிரேம்களில் அது முடியாது.

வழுக்காத பழைய கண்ணாடியின் உள்பக்கம் பாருங்கள். நடு எண் 17 என்றால் புதியதும் அதை ஒட்டியே இருக்கட்டும்.

அப்புறம், மைனஸ் பவர் அதிகமென்றால் பெரிய பிரேமில் லென்ஸ் ஓரம் தடித்துத் தெரியும், கனமும் கூடும். அப்போது லென்ஸ் அகலத்தையும் குறையுங்கள்.