கட்டியை எடுத்த பிறகும் மாத்திரை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு (வயது 58) இரைப்பையில் இருந்த 7 செ.மீ. கட்டியை அறுவை சிகிச்சையில் முழுதாக எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 'ஜிஸ்ட், சிடி117 பாசிட்டிவ், மைட்டோசிஸ் 50 புலங்களில் 8' என்று இருக்கிறது. இமாடினிப் 400 மி.கி. 3 ஆண்டு சாப்பிட வேண்டுமாம். கட்டிதான் போய்விட்டதே, பிறகு எதற்கு? மரபணுப் பரிசோதனையும் தேவையா?

பதில்: ஜிஸ்ட் என்பது இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைக் கட்டி. சிடி117 என்பது 'கிட்' என்ற புரதத்தின் இன்னொரு பெயர். குடல் அசைவை முறைப்படுத்தும் கஹால் செல்களின் மேல் இது இருக்கும். வெளியிலிருந்து அதற்குரிய சமிக்ஞை வந்து ஒட்டினால் இரண்டு கிட் புரதங்கள் ஜோடி சேர்ந்து, செல்லைப் பெருகச் சொல்லும், பிறகு அடங்கிவிடும். ஜிஸ்ட் கட்டிகள் பெரும்பாலானவற்றில் கிட் மரபணுவில் பிழை. யாரும் தொடாமலே அந்த சுவிட்ச் போட்டபடி நிற்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 1998-ல் கண்டுபிடித்தார்கள். வழக்கமான கீமோ இந்தக் கட்டியிடம் எடுபடுவதே இல்லை.

கிட் புரதத்துக்குள், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வந்து அமரும் பள்ளம் ஒன்று உண்டு. இமாடினிப் அதில் போய் அடைத்துக்கொள்கிறது. சுவிட்ச் அணைகிறது, ஆனால் மிச்சமுள்ள செல்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் அவை மறுபடி விழித்துக்கொள்ளலாம். அப்பாவின் கட்டி, அளவையும் மைட்டோசிஸையும் (நுண்ணோக்கியில் 50 புலங்களில் எத்தனை செல்கள் பிரிகின்றன என்ற கணக்கு) சேர்த்துப் பார்த்தால், திரும்பி வரும் அபாயம் அதிகமுள்ள வகை. இப்படிப்பட்டவர்களிடம் 1 ஆண்டு சிகிச்சையையும் 3 ஆண்டு சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வு 2012-ல் வெளியானது. 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 82, 92 சதவீதம்.

மரபணுப் பரிசோதனை அவசியம் வேண்டும். 'பாசிட்டிவ்' என்றால் புரதம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். பிழை எங்கே என்று அது சொல்லாது. கிட் மரபணுவின் எக்ஸான் 11 என்ற பகுதியில் பிழை என்றால் 400 மி.கி. நன்றாகக் கேட்கும். எக்ஸான் 9 என்றால், நோய் பரவிய நிலையில் 800 மி.கி. வரை யோசிப்பார்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற உறவுக்காரப் புரதத்தில் டி842வி பிழை இருந்தால் இமாடினிப் வேலையே செய்யாது. 3 ஆண்டும் வீண். இதற்காக மறுபடி கத்தி வைக்க வேண்டாம். எடுத்த கட்டியின் பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த துண்டு) நோய்க்குறியியல் லேபில் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி அனுப்பினால் போதும்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்கட்டும். வெறும் வயிற்றில் குமட்டும். காலையில் கண்ணைச் சுற்றி வீங்குவதும் கெண்டைக்கால் பிடிப்பதும் சகஜம், அதற்காகத் தானாக நிறுத்த வேண்டாம். டிபிக்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் இரத்தத்தில் இமாடினிப் அளவைக் குறைத்துவிடும். அப்பா இவற்றில் ஒன்றைச் சாப்பிட்டால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.