பட்டறையைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 388 மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். என் அண்ணனோ, பிளஸ் டூ முடித்து பி.இ. படிக்க வேண்டிய பிள்ளையை மெக்கானிக் வேலைக்கு அனுப்பப் போகிறாயா என்று கோபிக்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், சாத்தூர்

பதில்: அண்ணனின் கோபத்தில் அக்கறை இருக்கிறது. ஆனாலும் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூவுக்கு இரண்டு ஆண்டு, பி.இ.க்கு நான்கு ஆண்டு, ஆக ஆறு. டிப்ளமோவுக்கு மூன்று ஆண்டு. அதை முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதால் அங்கே மூன்று ஆண்டு, இதுவும் ஆறுதான். பாலிடெக்னிக் வழியாகச் செல்பவருக்குப் பாதி வழியிலேயே வேலைக்குரிய ஒரு சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. குடும்பச் சூழ்நிலை எப்படி மாறினாலும் அது உதவும். அவன் பிளஸ் டூ படிக்கட்டும் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் கவலையில்லை. பிளஸ் டூவில் அறிவியல் அல்லது தொழிற்கல்விப் பாடம் எடுத்தவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

‘மெக்கானிக் வேலை’ என்ற சொல்லையும் விளக்க வேண்டும். ஐ.டி.ஐ. படித்தவர் ஒரு தொழிலில் கை தேர்ந்தவர்; பி.இ. படித்தவர் வடிவமைப்பையும் கணக்கீட்டையும் கற்றவர். இவ்விருவருக்கும் நடுவில் நின்று, வரைபடத்தைப் படித்து, இயந்திரத்தை அமைத்து, வெட்டிய பாகத்தை அளந்து, அது ஏன் தவறிப்போனது என்று கண்டுபிடிப்பவரே டிப்ளமோ படித்த டெக்னீஷியன். தொழிற்சாலையில் உற்பத்தி தடைப்படும்போது முதலில் தேடப்படுபவர் அவர்தான்.

அந்தத் திறமை பட்டறையில்தான் வளர்கிறது. முதலாண்டு மாணவனிடம் ஓர் இரும்புப் பட்டையைக் கொடுத்து, அரத்தால் தேய்த்துச் சதுரமாக்கச் சொல்வோம். அரை மணி நேரத்தில் உள்ளங்கை சிவந்துவிடும். தேய்த்த விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், முடியிழை போல ஒரு கீற்று ஒளி இடையில் கசியும். அந்தக் கீற்று மறையும்வரை தேய்த்த மாணவனுக்கு, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்பது புத்தகத்து எண்ணாக இருக்காது. பிறகு, திருகைச் சுழற்றி நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால், திருகின் ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர், சுற்றில் ஐம்பது கோடுகள், ஆகவே ஒரு கோட்டுக்கு 0.01 மில்லிமீட்டர் என்ற கணக்கு அவனுக்குத் தானாகவே விளங்கிவிடும். பட்டறையில் முப்பது ஆண்டுகள் நின்று கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆகவே, எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்குமுன், ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, வகுப்புகள் நடக்கும் ஒரு நாளில் மகனுடன் நேரில் சென்று பட்டறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரத்தின் அடித்தட்டைக் குனிந்து பாருங்கள். எண்ணெய் பளபளக்கும் புதிய இரும்புச் சுருள்கள் கிடந்தால் அந்த இயந்திரத்தில் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று பொருள். தூசி படிந்து, பூசிய பெயின்ட் புதுசாகவே இருந்தால், ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதித்தான் அங்கே செய்முறை நடக்கிறது என்று சந்தேகிக்கலாம். கட்டடத்தின் முகப்பையும் பேருந்தின் குளிர்சாதனத்தையும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதலாண்டுக் கணிதத்திலும் ஆங்கிலப் பாடநூல்களிலும் திணறுவார்கள். முதல் பருவத்திலேயே அரியர் விழுந்து மனம் ஒடிந்துபோனவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பட்டறையில் முதல் வரிசைப் பிள்ளைகள். கல்லூரி திறப்பதற்குமுன் உள்ள விடுமுறையில் திரிகோணமிதியையும் இயற்கணிதத்தையும் ஒருமுறை திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள்தான். ‘உங்களுக்கு எந்தக் கம்பெனியில் வேலை கொடுப்பார்கள்?’ என்று கேட்கிறார்கள். பிரிவை மாற்றிக்கொள்ளலாமா?
– ஒரு மாணவி, ஒசூர்

பதில்: மாற்ற வேண்டாம். கணினி வழியே இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தை இயக்கவும், தரப் பரிசோதனை செய்யவும், வரைபடம் தயாரிக்கவும் தோள்வலு பெரிதாகத் தேவையில்லை; பொறுமையும் கூர்மையான கண்ணும் தேவை. நீளங்களை அளப்பதற்கு உலகெங்கும் 20 டிகிரி செல்சியஸையே அடிப்படை வெப்பநிலையாக வைத்திருக்கிறார்கள் என்பதைப் படித்திருப்பீர்கள். அந்த வெப்பநிலையில் பராமரிக்கப்படும் அளவீட்டு அறையில் வேலை பார்ப்பதை இலக்காக வைத்துக்கொண்டு, அளவீட்டுப் பாடத்தை மற்றவர்களைவிட ஒரு படி ஆழமாகப் படியுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோ மாணவிகளுக்கும் உண்டு. இதுவரை விண்ணப்பிக்கவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் உடனே கேளுங்கள்.

கேள்வி: டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் முடிக்கப்போகிறேன். உடனே பி.இ. சேர்வதா, வேலைக்குப் போவதா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வீட்டில் பணத் தேவை இல்லாமலும், கணிதம் உங்களுக்குப் பிடித்தும் இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேருங்கள். மற்றபடி, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கிடைக்கும் ஓராண்டுப் பயிற்சிக்கே என் வாக்கு. உதவித்தொகையும் உண்டு, முடிவில் மத்திய அரசின் சான்றிதழும் உண்டு. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவை இணையத்திலேயே செய்துவிடலாம். பயிற்சிக்கு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உதவித்தொகையில் நூறு இருநூறு கூடுதலா குறைவா என்று பார்க்காமல், மோட்டாரைப் பிரித்துக் கட்டவும் கன்ட்ரோல் பேனலில் பழுது தேடவும் பழகுநர்களை அனுமதிக்கிறார்களா என்பதை அங்கே சென்ற ஆண்டு பயிற்சி பெற்ற ஒருவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு டிப்ளமோவே போதுமானது என்பதால், பயிற்சிக் காலத்தின் மாலை நேரங்களில் அதற்கும் படிக்கத் தொடங்கலாம்.