பின் பார்வதி போகலாமா? வாசகர் கேள்வி – பதில்

வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறுகிறேன், ஏழு மலையும் பெரிய சிரமமாகத் தெரிவதில்லை. ஆகஸ்டில் நண்பர்களோடு இமாச்சலில் பின் பார்வதி கணவாய் ட்ரெக் போக நினைக்கிறோம். இமயமலைக்கு இதுதான் முதல் தடவை. சரிப்படுமா?
– கோவை வாசகர்

முதல் தடவையே இது வேண்டாம். உங்கள் கால் பலத்தில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் உயரம் வேறு விஷயம். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். பர்ஷைனியில் நடக்க ஆரம்பித்து முதல் ராத்திரி பெரும்பாலும் தங்கும் கீர்கங்காவே அதைவிட உயரம், கணவாயோ 5,319 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு உடம்பு எப்படி ஒத்துழைக்கும் என்பது அங்கே போய்ப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது, ஊரில் மாரத்தான் ஓடுகிறவர்களும் சுருண்டு படுத்துவிடுவதுண்டு.

இன்னொன்று, இந்த ட்ரெக்கில் நடுவழியில் இறங்கிக்கொள்ள இடமே கிடையாது. நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை, பத்துப் பதினோரு நாள் ஆகும். கீர்கங்கா வென்னீர் ஊற்றைத் தாண்டினால் போன் சிக்னல் போய்விடும், மேய்ச்சல் வெளிகளில் ஆடு ஓட்டி வரும் கத்தி (Gaddi) என்ற மலை இன இடையர்களைத் தவிர ஆள் நடமாட்டமும் குறைவு. பார்வதி ஆறு பிறக்கும் மன்தலாய் ஏரிக்கரையில், 4,100 மீட்டரில், ராத்திரி ஒருவருக்கு முடியாமல் போனால் திரும்பவும் நாள்கணக்கில் நடக்க வேண்டும். முன்னால் போவதென்றால் கணவாயைத் தாண்டி ஸ்பிதிப் பக்கம் முத் கிராமம் வரை போனால்தான் மனிதர்களைப் பார்க்கலாம்.

இந்த வருஷம் மணாலி பக்கம் ஹம்ப்டா கணவாய் போய்வாருங்கள். சுமார் 4,270 மீட்டர், நாலைந்து நாள். பச்சைப்பசேல் என்ற குல்லுவிலிருந்து ஏறி மறுபக்கம் புல் பூண்டில்லாத லாஹௌலில் இறங்கும் அந்த அதிசயம் இதிலும் உண்டு, இறங்கும் இடத்தில் ரோடும் இருக்கிறது. உடம்பு எப்படி என்று தெரிந்துகொண்டு அடுத்த வருஷம் பின் பார்வதிக்குக் கிளம்புங்கள், நிச்சயம் போக வேண்டிய இடம்.

பனியாற்றைக் கடப்பதுதான் இந்த வழியிலேயே பெரிய ஆபத்து என்கிறார்களே?
– மதுரை வாசகர்

ஆபத்துதான். பனியில் ஆழமான வெடிப்புகள் இருக்கும், புதுப்பனி மூடிவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. அதனால்தான் பனி இறுகிக் கிடக்கும் விடியலுக்கு முன்பே கிளம்பி, ஒருவரோடு ஒருவர் கயிறு கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அழைத்துப் போகிறவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: கயிறு இருக்கிறதா, வெடிப்பில் விழுந்தவரைத் தூக்கத் தெரிந்தவர் யார், அவர் எங்கள் கூடவே வருவாரா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது ஓடைகளுக்கு. காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர், வெயில் ஏறி மேலே பனி உருகியதும் மத்தியானம் இடுப்பு வரை வந்துவிடலாம், கலங்கலில் அடியில் இருக்கும் கல்லும் கண்ணுக்குத் தெரியாது. ஓடையைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள், விறைத்த பாதத்துக்குக் கல் குத்துவதே உறைக்காது. பையின் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். பீமன் தூக்கிப் போட்டதாகச் சொல்லும் பெரும்பாறைகளே பாலமாகக் கிடக்கும் பாண்டு புல் என்ற இடத்திலும் அப்படித்தான், மழையில் பாறை வழுக்கும், அங்கே கைடு கயிறு போடும்வரை காத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் மலை நோய் வராதாமே?
– திருச்சி வாசகி

வரும் வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள் அம்மா, சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்மையான மருந்து மெதுவாக ஏறுவது. 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூன்று நாலு நாளுக்கு ஒருநாள் ஓய்வும் வேண்டும். லேசான தலைவலி, குமட்டல் என்றால் அங்கேயே தங்குங்கள், ஏறாதீர்கள். எல்லோருக்கும் தன்னால் தாமதமாகிறதே என்று பலர் இதை மறைக்கிறார்கள், தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கூட வருகிறவர் ஒரு மாதிரி தடுமாறுகிறார் என்று பட்டால், தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு பாதத்தின் விரலை ஒட்டி அடுத்த பாதத்தின் குதிகாலை வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். நடக்க முடியாமல் சாய்கிறார் என்றாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுகிறது என்றாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் டார்ச் பிடித்துக்கொண்டு கீழே இறக்க வேண்டும்.

துபாயில் இருக்கும் மாமா சாட்டிலைட் போன் தருகிறேன் என்கிறார். எடுத்துப் போகலாமா?
– நெல்லை வாசகர்

வேண்டாம். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம், ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிடுவார்கள். போகும் வழி, தங்கும் இடங்கள், முத் கிராமத்துக்கு வந்துசேரும் தேதி எல்லாவற்றையும் எழுதி வீட்டில் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போங்கள், எத்தனை நாள் தாமதமானால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து. அப்புறம், ஸ்டவ்வுக்கான கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற மாட்டார்கள், மணாலியிலோ குல்லுவிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.