கொழும்பிலிருந்து ஒரே நாளில் மழைக்காடும் ஆதிமனிதர் குகையும் பார்க்க எங்கே போகலாம்?

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். கித்துல்கல பெலிலென குகைக்குப் போங்கள். புளத்சிங்கள பக்கத்துப் பாஹியங்கல குகை இன்னும் பழையது. அங்கே மனிதர் வாழ்ந்த தடயம் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பின்னே போகிறது. ஆனால் அது இப்போது விகாரையோடு சேர்ந்த இடம். வயதானவர்களோடு போக அதுதான் நல்லது. காட்டுக்குள் நடந்துபோய்க் குகையைக் காண வேண்டுமென்றால் பெலிலெனதான்.

புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் எடுத்தால் அவிசாவளை, யட்டியாந்தோட்டை வழியாகக் கித்துல்கலவில் இறங்கலாம். அங்கிருந்து இங்கோயா தோட்டப் பக்கமாக ஓட்டோவில் போய் மீதியை நடக்க வேண்டும். தோட்டத்தில் தமிழிலேயே வழி கேட்கலாம். வழி தெரிந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிப்போவது கட்டாயம் என்றே சொல்வேன், கிளைப்பாதைகள் ஏமாற்றும்.

ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். அப்போதும் பின்னேரம் மழை பிடிக்கும். அதனால் விடிய முன்னமே கிளம்பி, பகல் ஒரு மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மே தொடங்கித் தென்மேல் பருவமழையில் நீரோடைகள் திடீரென்று பெருகும். வரும்போது கணுக்காலளவு நின்ற தண்ணீர் திரும்பும்போது இடுப்பளவு நிற்கலாம். அப்படி நின்றால் கடக்காதீர்கள், வடியும்வரை காத்திருங்கள்.

அட்டைக்கு நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, காலுறைமேல் சவர்க்காரத்தைத் தண்ணீர் சேர்க்காமல் தேயுங்கள். நனைந்தால் கரைந்துவிடும், மறுபடி தேய்க்க வேண்டும். கடித்த அட்டைமேல் உப்புப் போடுவது பலர் செய்யும் பிழை. அது வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும், புண் சீழ்பிடிக்கலாம். மெல்லிய முனை பக்கமாக நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் உண்டு. அதனால் கொஞ்சநேரம் கசியும். துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

உண்மையில் பயப்பட வேண்டியது கூன்மூக்கு விரியனுக்கு. காய்ந்த இலைக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியாது. இலைக்குவியலில் கைவைக்கவோ உட்காரவோ பிள்ளைகளை விடாதீர்கள். இங்கே வழக்கமாகப் போடும் இந்தியப் பாம்பு விஷ முறிவு மருந்து இதன் கடிக்குக் கேட்காது. என்றாலும் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தையும் இரத்த உறைவையும் கண்காணிப்பது அவசியம். கடித்த இடத்தைக் கீறாமல், கட்டாமல், அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

குகைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து நிமிடம் கூரையைப் பார்த்துப் படமெடுத்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது நிலத்தை. அகழ்ந்த குழியின் பக்கச்சுவர் தெரியுமிடத்தில் டோர்ச்சைச் சரித்துப் பிடியுங்கள். கருமையான சாம்பல் பட்டை, மேலே வெளிறிய மண், திரும்ப ஒரு சாம்பல் பட்டை என்று அடுக்கடுக்காக இருக்கும். அது அடுப்பு எரிந்த மண். 30,000 ஆண்டுக்கு முன்னிருந்தே பலாங்கொடை மனிதர் என்று சொல்லப்படும் இலங்கையின் ஆதிமனிதர் இங்கே நத்தையும் கெக்குன என்ற காட்டுமரத்தின் கொட்டையும் காட்டு ஈரப்பலாவும் தின்றிருக்கிறார்கள்.

ஆகவே குகைக்குப் போகும் வழியிலேயே பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுங்கள். ஈரமான மரத்தண்டில் மண்ணிற ஓட்டோடு உள்ளங்கையில் அடங்கும் பெரிய நத்தை ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த இனத்தின் ஓடுதான் குகை மண்ணிலும் கிடக்கிறது. மேலே கொப்பு அசைந்தால் மலை அணிலோ மந்தியோ. பாஹியங்கலவில் 45,000 ஆண்டுக்கு முன்னரே இவற்றை வேட்டையாடியதை அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவு உயரத்தில் தாவும் பிராணியைக் கல்லெறிந்து பிடிக்க முடியுமா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எலும்பைக் கூராக்கிய முனைகள் அங்கே ஏராளமாகக் கிடைத்ததும், அவை அம்புமுனைகள் என்று ஆய்வாளர் சொல்வதும் அப்போது புரியும்.

படிகக்கல் சில்லு கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம், அது ஆதிமனிதர் செதுக்கிய கல்லாயுதமாக இருக்கலாம். தொல்பொருளை எடுத்துப்போவது சட்டப்படி குற்றம். குழிச்சுவரைத் தொட்டால் அடுக்கு சரிந்து, எந்தச் சாம்பல் எந்தக் காலம் என்பதே கலந்துவிடும். அந்தச் சின்னக் கல்லாயுதங்களைக் கிட்டத்தில் பார்க்க, பயணத்துக்கு முந்திய வாரமே பிள்ளைகளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள்.