பாட்டு வேறு, பதிவு வேறு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெப் சீரிஸ் எடுப்பவர்களுடையவை. பழைய பாட்டுகளைப் புதுக் குரலில் பாடவைத்து, அதாவது கவர் செய்து, சீரிஸோடு ஒரு ஆல்பமும் விடப் பலரும் கிளம்பியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் காகித வேலையை முடித்துவிட்டு மைக்கைப் போடுங்கள்.

பழைய படப் பாட்டு ஒன்றைக் கவர் செய்தோம். முதலில் பாடியவர் போனில் சரி என்றுவிட்டார். போதுமா? (சாலிகிராமம்)

போதாது. பாடியவர் பாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. வரியும் மெட்டும் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் தயாரிப்பாளர் அல்லது ஆடியோ கம்பெனி. எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்து வருஷம் ஆன பாட்டை யார் வேண்டுமானாலும் கவர் செய்யலாமாமே? (பெரம்பூர்)

பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் கொண்டுவந்த 31சி பிரிவு அப்படி ஒரு வழி தருகிறது. கூடவே நிபந்தனைகளும் உண்டு. முன்கூட்டியே நோட்டீஸ், ஆல்பம் அட்டையின், லேபிளின் நகல், முன்பணமாக ராயல்டி. அதுவும் ஒரு பாட்டுக்கு வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகள் என்ற கணக்கில். வரியிலும் மெட்டிலும் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. முக்கியமாக, இது ஒலிப்பதிவுக்கு மட்டும். காட்சியோடு ஓடவிட சின்க் உரிமையைத் தனியாகப் பேசி, எழுத்தில் வாங்க வேண்டும்.

வெளிநாட்டு சீரிஸ்களில் ஏன் இவ்வளவு கவர்? (அடையாறு)

பழைய மாஸ்டருக்கு, அதாவது முதல் ஒலிப்பதிவுக்கு, பணம் கட்ட வேண்டாம். பாட்டின் உரிமையை மட்டும் வாங்கினால் போதும். அதைவிடப் பெரிய காரணம், காட்சிக்கு ஏற்றபடி வெட்டித் தைக்கலாம். 2016-ல் வந்த ‘வெஸ்ட்வேர்ல்ட்’டில் இசையமைப்பாளர் ரமின் ஜவாடி ராக் பாட்டுகளைத் தானே வாசிக்கும் பியானோவுக்கு மாற்றினார். 2020-ல் ‘பிரிட்ஜர்டன்’ நடனக் கூடத்தில் இன்றைய பாப் பாட்டுகள் வயலின், செல்லோவில் வந்தன. வார்த்தையே இல்லாமல் பாட்டு அடையாளம் தெரிகிறது. மெட்டுக்கு அந்த வலு இருக்க வேண்டும்.

நெட்டில் கிடைத்த கரோக்கி டிராக்கில் பாடலாமா? (தாம்பரம்)

கூடாது. அந்த டிராக் இன்னொருவருடைய பதிவு. பாட்டு வேறு, பதிவு வேறு. இதைச் சொல்வது எத்தனையாவது முறையோ!

ஆல்பம் அட்டையில் யார் யார் பெயர் போடணும்? படத்தின் பெயரையும் முதலில் பாடியவர் பெயரையும் பெரிதாகப் போட்டிருக்கிறோம். (வடபழனி)

உடனே எடுங்கள். 31சி வழியாக வரும் கவரின் லேபிளில் முன்பு பாடியவர் பெயரோ படத்தின் பெயரோ இருக்கவே கூடாது; ‘கவர்’ என்று இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய டிசைனில் இது தலைகீழ். கூடவே பாடலாசிரியர் பெயர் எங்குமே இல்லை. எனக்கு வயிறு எரிவது இதில்தான்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய இசைத்தட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நடு லேபிளில் இருப்பது உள்ளங்கை அகலம்கூட இல்லாத இடம். அதற்குள் எழுதியவர், இசை, பாடியவர் என்று பொடி எழுத்தில் அடித்திருக்கிறார்கள். இன்று இடத்துக்குப் பஞ்சமே இல்லை, பெயர்தான் இல்லை.

சில வருஷம் முன்பு ஒரு கவர் ஆல்பத்துக்கு மிக்ஸிங் மேற்பார்வை பார்த்தேன். 12 பாட்டு. பாட்டு விவரங்களை நிரப்பும் மெட்டாடேட்டா ஷீட்டில் ‘பாடலாசிரியர்’ கட்டம் 12 வரியிலும் காலி. கேட்டேன். “அப்புறம் போட்டுக்கலாம் சார்” என்றார்கள். ஆல்பம் வந்தது, கட்டம் நிரம்பவில்லை. அதில் ஒரு பாட்டை எழுதியவரின் மகள் போன் செய்து, “அப்பா பேரு எங்க சார்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

மரியாதை மட்டுமல்ல, பணமும் அந்தக் கட்டத்தை நம்பித்தான் வருகிறது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த பயன்பாட்டில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் உரிமை வைத்திருக்கும் கம்பெனியோடு சம பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று அதே 2012 திருத்தம் சொல்கிறது. கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பங்கு யாரைத் தேடிப் போகும்? ரெக்கார்டிங் அன்றைக்கே ஷீட்டை நிரப்புங்கள்.

பாரதியார் பாட்டு இலவசம்தானே? (மயிலாப்பூர்)

வரிகள், ஆமாம், அவர் மறைந்தது 1921-ல். படத்துக்காக ஒருவர் போட்ட மெட்டு அப்படியல்ல. புது மெட்டுப் போடுங்கள்.

ஆண் குரலில் இரண்டு கட்டைச் சுருதியில் இருக்கும் பாட்டு. பெண் குரலுக்கு எத்தனை கட்டை? (கொளத்தூர்)

ஐந்து, ஐந்தரையில் ஆரம்பித்துப் பாருங்கள். பல்லவியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சரணத்தின் உச்ச ஸ்வரத்தை நான்கு முறை பாடச் சொல்லுங்கள். நான்காவது முறையும் குரல் பிசிறாமல் நின்றால் அதுதான் சுருதி.