கறுப்புச் சாவுக்குப் பிறகு இங்கிலாந்தில் கூலி உயர்ந்தது ஏன்?

1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக் நோயைத்தான் கறுப்புச் சாவு என்கிறோம். எர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியா தெள்ளுப்பூச்சிக் கடியாலும், நுரையீரலைத் தாக்கியபோது இருமல் துளிகளாலும் பரவியது. கருங்கடல் பக்கமிருந்து வந்த வணிகக் கப்பல்கள் 1347இல் அதைச் சிசிலியின் மெசினா துறைமுகத்தில் இறக்கின. மறு ஆண்டே இங்கிலாந்தை எட்டிவிட்டது. ஐரோப்பியரில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் மாண்டதாகக் கணிக்கிறார்கள்.

நிலம் அப்படியே கிடந்தது. உழும் கைகள்தான் இல்லை. எல்லா வயலும் ஒரே நேரத்தில் விளைந்து நிற்க, அறுவடைக்கு ஆள் கிடைக்காவிட்டால் கூலி தானாக ஏறுமல்லவா? அதுதான் நாடு முழுக்க நடந்தது. பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு உழைத்த பண்ணையடிமைகள், கூடுதலாகக் கொடுத்த வேறு பிரபுவைத் தேடிப் போனார்கள். அரசோ 1351இல் சட்டம் போட்டு, கூலியைப் பிளேக்குக்கு முந்தைய அளவிலேயே நிறுத்தப் பார்த்தது. பெற்ற பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர்களிடம் பழைய கூலிக்கே உழச் சொன்னது பெருங்கொடுமை. அந்தக் கசப்பும் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த புதிய தலைவரியும் சேர்ந்து 1381இல் உழவர் கிளர்ச்சியாக வெடித்தன.

பிளேக் ஐரோப்பா முழுவதும் பண்ணையடிமை முறையை ஒழித்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் போலந்து, ரஷ்யா போன்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் அடுத்து வந்த நூற்றாண்டுகளில் அது மேலும் இறுகவே செய்தது.